பயப்படாதீங்க சார்

"துணியை உள்ள போடற. பொத்தானை அழுத்தற. அவ்வளவுதான். துவைச்சு, அலசி, காயவும் வச்சுக் கொடுத்துடும். மடிக்கிறது மட்டும்தான் உன் வேலை" என்று மூன்றாவது நாளாக அதே பாடத்தை மனைவிக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

மருந்துக்கடைக்காரர் பேசினார்.

"சார், எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"எல்லாம்னா?"

"இல்ல... நிலையத்துல. பொதுவா."

"பயப்படாதீங்க. ஒரு குறையும் இல்ல. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்று அவர் வைத்துவிட்டார்.

அணுமின் நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊரில் அது யாருக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் 'பயப்படாதீங்க' என்றுதான் வாயைத் திறப்பார். மழை வருமா என்று கேட்டால்கூட அப்படித்தான். அதனால் 'பயப்படாதீங்க சார்' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. அதில் அவருக்குக் கோபம் இல்லை, பெருமைதான். மற்ற நிலையங்களின் வாசலில் எல்லாம் ஊர்வலம், கோஷம், மறியல். இந்த ஊரில் மட்டும் ஒரு தட்டி கிடையாது, ஒரு முழக்கம் கிடையாது. காரணம் தன்னுடைய துண்டுப் பிரசுரங்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அழகான வண்ணப் படங்களோடு வீடு வீடாகக் கொடுத்துவந்தார். ஊர் மக்கள் அவற்றை வாங்கி அலமாரித் தட்டுகளில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கிக்கொண்டார்கள். எந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் தன் கைவண்ணம் இருப்பதைப் பார்த்து அவர் பூரித்துப்போவார்.

"யாருங்க போன்ல?" என்றாள் மனைவி.

"மருந்துக்கடை. சும்மாதானாம். சரி, மெஷின் எப்படி?"

"கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. பக்கத்து வீட்டு அக்காகிட்டகூடச் சொன்னேன், இனிமே ஒரு கைக்குட்டையைக்கூட வெளியில போடக் கூடாதுன்னு அவர் கண்டிப்பா சொல்லிட்டார்னு. அவங்க முகம் போன போக்கைப் பார்க்கணுமே!"

"மெஷின் வாங்கினதைச் சொன்னியா?"

"ஐயோ, மூச்சு விடலையே! கண்ணு போட்டுடுவாங்க. இருட்டினப்புறம் போர்வை போர்த்தி இறக்கினதே அதுக்குத்தானே?"

அவர் மெஷினைத் தட்டிக்கொடுத்தார். "நாம தயாரிக்கிற மின்சாரத்துல நம்ம துணி காயுது. நினைச்சுப் பார்த்தியா? இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்?"

அவளும் பெருமையாகத் தலையாட்டினாள். அவர்களுடைய நாலு வயதுப் பாப்பா மெஷினின் கண்ணாடி வட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தன் மஞ்சள் கவுன் உள்ளே குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்துக் கைதட்டினாள்.

மறுநாள் அலுவலகத்தில் போன் ஓயவில்லை. தகவல் மையத்தின் போனுக்கு வழக்கமாக ஆஸ்பத்திரி என்று நினைத்துத் தவறாக அழைப்பவர்கள்தான் வருவார்கள். இன்றைக்கு முடிதிருத்துபவர், தையல்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர் என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் ஒரே கேள்வி, 'எல்லாம் நல்லாத்தானே இருக்கு?' ஏன் கேட்கிறீர்கள் என்றால் எல்லோரும் ஒரே பதில், 'சும்மாதான்.'

அவர் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தார். ஏனென்றால் நேரம் அப்படிப்பட்ட நேரம்.

நிலையத்துக்கு வயதாகிவிட்டது. இன்னும் சில ஆண்டுகள் ஓட அனுமதி வேண்டுமானால், ஒழுங்குமுறை ஆணையத்தார் ஊர் மண்டபத்தில் கூட்டம் போடுவார்கள். ஊர் கை தூக்கிச் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நிலையத்தை மூட வேண்டியதுதான். கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

இயக்குநர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஊர்ல ஏதோ முணுமுணுப்புன்னு கேள்விப்பட்டேன். நம்ம நிலையத்தோட ஒரே பெருமை இந்த ஊரோட அமைதி. அது உங்க கையில இருக்கு. கெடுத்தீங்கன்னா தலைமை அலுவலகத்துல பழைய ஃபைல் ரூம் ஒண்ணு இருக்கு. ஜன்னல் கிடையாது."

"பயப்படாதீங்க சார்" என்றார் அதிகாரி, பழக்க தோஷத்தில்.

"நான் பயப்படல. நீங்க பயப்படுங்க" என்றார் இயக்குநர்.

அன்றைக்கே ஒரு நோட்டீஸ் அடித்தார். பெரிய எழுத்தில் 'வதந்திகளை நம்ப வேண்டாம்' என்று போட்டு, கீழே நிலையத்தின் படத்தையும் வைத்துத் தெருத்தெருவாகக் கொடுக்கச் செய்தார்.

ஊர் அதை அலமாரியில் விரிக்கவில்லை. முதல்முறையாகப் படித்தது.

"எந்த வதந்தி?" என்றார் முடிதிருத்துபவர், கத்திரியை நிறுத்திவிட்டு.

"நம்ப வேண்டாம்னா, ஏதோ ஒண்ணு இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் நாற்காலியில் பாதித் தலையோடு இருந்தவர்.

"நமக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டாங்க பாரு."

அன்று மாலைக்குள் ஊரில் ஏழெட்டு வதந்திகள் உற்பத்தியாகிவிட்டன. பெட்ரோல் பங்கில் வண்டிகள் தெருமுனை வரை நின்றன. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "எங்கயும் இல்ல, சும்மா டேங்க்கை நிரப்பி வச்சுக்கலாம்னு" என்றார்கள்.

சரி, எழுத்தில் சொன்னால் கோளாறு, நேரில் விளக்கினால் தெளிந்துவிடுவார்கள் என்று ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். 'அணுமின்சாரம்: அச்சம் தேவையில்லை' என்று பேனர். அதைக் கட்டக் கயிறு இல்லாமல் அலைந்தபோது, மாடியிலிருந்து அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்த நைலான் கயிறு ஞாபகம் வந்தது. இனி அதற்கு வீட்டில் என்ன வேலை? எடுத்துவந்து இழுத்துக் கட்டினார். பேனர் கம்பீரமாக நின்றது.

"பயப்படாதீங்க" என்று தொடங்கினார். "எரிபொருளைச் சுத்தி ஒண்ணுக்குள்ள ஒண்ணா எத்தனையோ தடுப்பு இருக்கு. கடைசியா இருக்கிற வெளிச்சுவர் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல கனம். சுத்தமான கான்கிரீட்!"

கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். படித்தவர், கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர், மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்குவதையே குறுக்கு விசாரணை செய்கிறவர். "சார், சிங்கத்தைக்கூடக் கம்பிக்குப் பின்னாலதான் வச்சிருக்காங்க. இத்தனை சுவர் கட்டி அடைச்சு வச்சிருக்கீங்களே, உள்ள இருக்கிறது அப்படி என்ன?"

"அதுக்கில்ல சார், அது பாதுகாப்புக்கு..."

"யாருக்கு? அதுக்கா, எங்களுக்கா?"

கூட்டம் கலைந்தபோது பள்ளிக்கூட வேன்காரர் தன் பிள்ளைகளை மாமியார் ஊருக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. அதிகாரியின் வீடு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, தெரு மூலையில் இருந்தது. பேருந்துக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அவர் வீட்டையே அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் சைக்கிளை நிறுத்தி இறங்கியே பார்த்தார்கள்.

"என்னங்க, தெருவே நம்ம வீட்டைப் பார்க்குது" என்றாள் மனைவி.

அவர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். "பேச்சு நல்லா எடுபட்டிருக்கு. பிரபலம்னா அப்படித்தான். பழகிக்கணும்."

"எனக்குக் கூச்சமா இருக்கு."

"அப்படின்னா ஜன்னலை எல்லாம் சாத்திடு."

ஜன்னல்கள் சாத்தப்பட்டன. மறுநாள் பெட்ரோல் பங்கில் 'இருப்பு இல்லை' என்று அட்டை தொங்கியது.

அதிகாரி இரண்டு நாள் யோசித்தார். சுவர், கனம், கான்கிரீட் எல்லாம் மக்களுக்கு அந்நியமாக இருக்கின்றன. அன்றாடம் கையில் எடுக்கும் ஒரு பொருளை வைத்துச் சொன்னால் புரியும். அவருக்கே தன் புத்தியைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது. கோட்டுப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு சந்தைக்குப் போய், ஒரு பெட்டி மேல் ஏறி நின்றார்.

"பயப்படாதீங்க! கதிர்வீச்சு இயற்கையிலேயே எல்லாத்துலயும் இருக்கு. இதோ, இந்த வாழைப்பழத்துலகூட இருக்கு!" என்று பழத்தை உயர்த்திக் காட்டினார்.

அவர் சொன்னது உண்மைதான். அது தீங்கே செய்யாத துளியிலும் துளி என்பதையும் சொன்னார். ஆனால் அதற்குள் முன்வரிசையில் ஒருவர் வாயில் இருந்த பழத்தைத் துப்பிவிட்டதால், அந்தக் களேபரத்தில் பின்பாதி யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை வாசலில் தள்ளுவண்டி நின்றது. வண்டி நிறைய வாழைப்பழம். பக்கத்தில் இடுப்பில் கை வைத்துப் பழக்காரம்மா.

"நீங்க நல்லா இருப்பீங்களா சார்? உங்க ஆலையைப் பத்தி நான் என்னைக்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கேனா? என் பழத்தை ஏன் சார் வம்புக்கு இழுத்தீங்க? நேத்திலேருந்து ஒரு சீப்பு போகல. என் சொந்த மருமகளே தொட மாட்டேங்கறா!"

"பயப்படாதீங்கம்மா..."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க சார், குலையே நடுங்குது!"

வண்டியோடு வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் காலையிலும் பழம், மதியமும் பழம், இரவும் பழம். ஊர் பார்க்கத் தின்றுகாட்ட வேண்டும் என்று அவருடைய கோட்டின் எல்லாப் பைகளிலும் பழம். தெருவில் நாலு பேரைக் கண்டால் உரித்து வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பார்.

ஊர் அதையும் கவனித்தது.

"கேட்டீங்களா? அவங்க வீட்ல மூணு வேளையும் வாழைப்பழம்தானாம். வண்டியோட வாங்கி உள்ள வச்சிருக்காங்களாம்."

"அப்ப அதுதான் முறிவு மருந்தா?"

"பின்ன? நம்மளைத் தின்ன விடாம பயமுறுத்திட்டு, அவர் மட்டும் அள்ளிக்கிட்டார் பாரு!"

ஒரே நாளில் பழம் கிடைக்காத பொருளாகிவிட்டது. மருந்துக்கடைக்காரரிடம் காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தவர்கள் கூடவே பழமும் கேட்டார்கள். பழக்காரம்மா மட்டும் அதிகாரியைக் கண்டால் இப்போது கையெடுத்துக் கும்பிட்டார். ஊரிலேயே அவரை நல்லவர் என்று சொல்ல அந்த ஒரு ஆள்தான் மிச்சம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை இயக்குநர் போன் செய்தார். "நாளைக்கு ஆணையத்தார் என் கார்லதான் வர்றாங்க. ஃபைல் ரூம்ல ஃபேன் வேலை செய்யுதான்னு விசாரிச்சு வச்சிருக்கேன். செய்யலையாம்."

அதிகாரி சாப்பிடாமல் படுத்தார். பழம்தான் என்பதால் அதில் பெரிய இழப்பு இல்லை. பயம் வேலை போவதைப் பற்றி மட்டும் இல்லை. இந்த நிலையத்தை அவர் உண்மையாகவே நேசித்தார். கடற்கரையில் அது சத்தமில்லாமல் நிற்பதையும், அதன் மின்சாரத்தில் எங்கோ கண்காணாத ஊர்களில் எல்லாம் விளக்கு எரிவதையும் நினைத்தால் அவருக்கு நெஞ்சு நிமிரும். அதைத் தன் வாயே கெடுத்துவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

காலையில் குளித்துவிட்டு வந்து கேட்டார். "என் கோட் எங்க?"

"பழக்கறையா இருந்துது. பாப்பா துணியோட சேர்த்து மெஷின்ல போட்டிருக்கேன்."

"பையில பழம் இருந்துதே!"

இருவரும் ஓடினார்கள். கண்ணாடி வட்டத்துக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ கூழ் சுற்றிக்கொண்டிருந்தது. மெஷின் ஒரு முறை உறுமியது, விக்கியது, நின்றது. எந்தப் பொத்தானை அழுத்தியும் அசையவில்லை. கதவைத் திறந்ததும் தண்ணீர் தரையெல்லாம் பாய்ந்தது. கோட்டும் அதன் பையில் இருந்த உரைக் குறிப்புகளும் பழத்தோடு பழமாகிவிட்டன. பாப்பாவின் கவுன்கள் அத்தனையும் அதே கதி.

மனைவி சேலையைச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் கையால் அலசிப் பிழிந்தாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள். மூலையில் சுருட்டிவைத்திருந்த பேனர் கண்ணில் பட்டது. சரக்கென்று அதன் கயிற்றை உருவினாள்.

"ஏய், அது மீட்டிங்குக்கு வேணும்!"

"பாப்பாவுக்குப் போட்டுக்கத் துணி வேணும். எது முக்கியம்?"

கொஞ்ச நேரத்தில் மாடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகக் கயிறு கட்டியாகிவிட்டது. கவுன்கள், பெட்டிகோட்டுகள், குட்டிக் காலுறைகள் எல்லாம் காற்றில் ஆட ஆரம்பித்தன. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தத் தெரு வழியாத்தான் டைரக்டர் கார் வரும்! அணுமின் நிலைய அதிகாரி வீட்டு மாடியில, அதுவும் இன்னைக்குன்னு பார்த்து, ஈரத் துணியா தொங்கணும்? மானம் போகுது, எடுத்துடு!"

"எடுக்க மாட்டேன். என் பொண்ணு துணி, என் வீட்டு மாடி, நல்ல வெயில், நல்ல காத்து. உங்களுக்கு வெக்கமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போங்க. எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

நாற்றம் போகட்டும் என்று ஜன்னல்களையும் விரியத் திறந்து வைத்தாள். அவர் தோற்றுப்போய்ப் படியிறங்கினார். பேருந்து நிறுத்தத்தில் வழக்கம்போலக் கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இன்று அவர் காலரைச் சரி செய்யவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆணையத்தார் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கயிறில்லாத பேனர் தரையில் கிடந்தது. கோட் இல்லை. குறிப்பும் இல்லை. கடைசி வரிசையில் மனைவி, அரைகுறையாகக் காய்ந்த மஞ்சள் கவுனில் பாப்பாவோடு வந்து நின்றாள்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். வழக்கமான வார்த்தை தொண்டை வரை வந்தது. பழக்காரம்மாவின் முகம் தெரிந்தது. விழுங்கிக்கொண்டார்.

"எனக்கு இன்னைக்கு என்ன பேசறதுன்னு தெரியல" என்றார். "இந்த நிலையத்துல வேலை செய்யறது எனக்குப் பெருமை. மறைச்சுப் பேச ஒண்ணும் இல்ல. ஆபத்தான பொருளைத்தான் கையாள்றோம். அதனாலதான் அத்தனை சுவர். அதுக்குள்ள நிக்கிறவங்க உங்க அண்ணன் தம்பிங்க, அக்கா தங்கச்சிங்க. பகலும் ராத்திரியும் கண்ணு இமைக்காமப் பார்த்துக்கறாங்க. நான் வெளியூர்க்காரன். ஆனா என் பொண்ணு இங்கதான் பிறந்தா. இந்தத் தண்ணியைத்தான் குடிக்கறா. இதுக்கு மேல சொல்லத் தெரியல."

உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு சுருக்கமாக அவர் வாழ்க்கையில் பேசியதில்லை.

"நிலையம் தொடரலாம்னு நினைக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் ஆணையத் தலைவர்.

முதலில் தூக்கியவர் மருந்துக்கடைக்காரர். பிறகு முடிதிருத்துபவர், தையல்காரர், பழக்காரம்மா, மாமியார் ஊரிலிருந்து பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவரச் சொல்லிவிட்டு வந்த வேன்காரர். அப்புறம் எண்ண முடியவில்லை. மண்டபம் முழுக்கக் கைகள். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார், அதுவும் கோட்டோடு மாடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இயக்குநர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "பிரமாதம்யா! இந்தப் பேச்சை எல்லா நிலையத்துக்கும் பாடமா வைக்கப்போறேன். ரெண்டே நிமிஷத்துல ஊரையே மாத்திட்டீங்களே!"

அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவள் முன்னால், இயக்குநர் முன்னால், இதை ஊர் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரின் தோளைத் தொட்டார்.

"சார், நீங்கதான் பெரிய எதிர்ப்பாளர். உண்மையைச் சொல்லுங்க, என் பேச்சுல எந்த இடம் உங்க மனசை மாத்துச்சு?"

"பேச்சா?" என்று மருந்துக்கடைக்காரர் விழித்தார். பிறகு அதிகாரியை விட்டுவிட்டு, அவர் மனைவியைப் பார்த்து மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தார்.

"உங்க பேச்சை இந்த ஊர்ல யார் சார் என்னைக்குக் கேட்டிருக்கா? தினம் காலையில உங்க வீட்டு மாடியில பாப்பா துணி காயுதான்னு பார்த்துட்டுத்தான் இத்தனை வருஷமா நாங்க நிம்மதியா வேலைக்குப் போனோம். ரெண்டு வாரமா அதைக் காணோம், காத்துல ஏதோ கலந்துடுச்சுன்னு மூட்டையைக் கட்டினோம். இன்னைக்கு இந்தம்மா மறுபடி கொடி கட்டினாங்க பாருங்க, அப்பவே நாங்க பஸ் ஸ்டாப்புல கையைத் தூக்கிட்டோம் சார்!"